இக்கரையிலும் சாட்சிகள் இருக்கிறார்கள்

(ஆரியங்கோட்டில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. பேச்சின் போக்கு மாறாமல், அச்சுக்காகச் சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



நம் கூட்டங்களில் பால்வெட்டுக் கூலி, செங்கல்சூளை முன்பணம், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் வழக்கமாகப் பேசுவோம். இன்று வேறொரு பொருளைப் பேசும்படி செயற்குழு எங்களைப் பணித்திருக்கிறது. இலங்கையில் 26 ஆண்டுகள் நடந்த உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன்பின் அங்கே மாறி மாறி வந்த அரசாங்கங்கள், “உண்மையைக் கண்டறிவோம், நல்லிணக்கம் காண்போம்” என்று சொல்லி வந்திருக்கின்றன. அப்படி ஓர் உண்மை ஆணையம் அமையுமானால், உயிருக்குத் தப்பிக் கடல்கடந்து வந்து தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் மக்களையும் அது கேட்குமா? இதுதான் இன்றைய கேள்வி.

“ஆரியங்கோட்டில் பால் வெட்டுகிறவனுக்கும் கொழும்பில் அமையப்போகும் ஆணையத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி கேட்டது எங்கள் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

களியக்காவிளையைத் தாண்டினால் விளவங்கோடு வட்டாரத்தில் கோழிவிளை, ஞாறான்விளை என்று இரண்டு முகாம்கள் இருக்கின்றன. குமரி மாவட்டத்தில் பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் முகாம்கள் உண்டு. அங்கிருந்து பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் வருகிறவர்களோடு நம்மில் பலர் ஒரே சாரத்தில் நின்று வேலை செய்திருக்கிறோம். ஒரே வாளியில் தண்ணீர் குடித்திருக்கிறோம். ஆனால் அவர்கள் எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. மாலை ஆனால் அவர்கள் அவசரமாகக் கிளம்புவார்கள். முகாமில் கணக்கெடுப்பு இருக்கும். அந்த அவசரத்தை மட்டும்தான் நாம் அறிவோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லையைப் பிரித்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நம்மில் சிலர் அந்தக் கோட்டுக்கு இப்பக்கம் பிறந்தவர்கள். பலர் பிழைப்புக்காகப் பிறகு வந்தவர்கள். ஒரு கோட்டுக்கு அப்பால் இருப்பவன் பெயர் இப்பக்கப் பதிவேட்டில் எவ்வளவு சுலபமாக விடுபட்டுப் போகும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலிலும் குடும்ப அட்டையிலும் அதை நாம் தினமும் பார்க்கிறோம்.

எண்ணினார்கள், கேட்கவில்லை

தோழர்களே, கடல் கடந்த தமிழ்த் தொழிலாளியை எண்ணுவதில் அரசாங்கங்கள் என்றைக்கும் குறை வைத்ததில்லை. அவனைக் கேட்பதில்தான் குறை.

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948-ஆம் ஆண்டில் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பங்கு போட்டார்கள். அந்த மீதியையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடுகளைப் பங்கு வைக்கும்போதுகூட எந்தத் தொழுவுக்கு எது பழகும் என்று பார்ப்பார்கள். இங்கே எந்தத் தோட்டத் தொழிலாளியையும் யாரும் கேட்கவில்லை.

ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்கிறோம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், தலைமன்னாரிலிருந்து மறுபடி ரயில் என்று போட் மெயில் ஓடியது. ஒரே பயணமாகச் சீட்டு எடுத்துக்கொண்டு மக்கள் போனார்கள், வந்தார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் போயிற்று. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் அந்த வழியாகத்தான் இங்கு வந்து இறங்கினார்கள். மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. ஏறுகிறவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். எந்த ரயில்வே கால அட்டவணையிலும் அந்தப் பெயர் இல்லை. எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. அவர்கள் ஏன் அழுதார்கள் என்பதை எழுதிவைக்க ஒரு பதிவேடும் இல்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வைத்தார்கள். ஒரு பகுதியினருக்காக நம் கேரளத்திலேயே, புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976-இல் மறுவாழ்வுத் தோட்டக் கழகம் தொடங்கினார்கள். குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இது கடலுக்கு அப்பாலுள்ள கதை மட்டும் அல்ல.

அடுத்தது 1983 ஜூலை. கொழும்பிலும் மலைநாட்டிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அன்றிலிருந்து 2009 வரை, போர் மூளும்போதெல்லாம் அலை அலையாக மக்கள் வந்தார்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சொன்ன கணக்கு இது: 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் பதிவு செய்து வெளியே 34,087 பேரும் இருந்தார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அப்போது அறிவித்தார். ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரையும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். வீடு தேவை, பெயர் மாற்றமும் தேவைதான். ஆனால் இங்கேயும் எண்ணிக்கைதான் பார்க்கிறோம். அவர்கள் வாய்மொழி எங்கே?

ஆணையங்கள் அமர்ந்த ஊர்கள்

இலங்கையில் ஆணையங்களுக்குப் பஞ்சமில்லை. 1981 முதல் 1984 வரை நடந்த இன வன்செயல்களை விசாரிக்க 2001-இல் முன்னாள் தலைமை நீதியரசர் சர்வானந்தா தலைமையில் ஓர் ஆணையத்தை அமைத்தார்கள். 1983 ஜூலையில் வீடு எரிந்தவர்களுக்காகவே ஏற்பட்ட ஆணையம் அது. அப்படி வீடு இழந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் அப்போது மண்டபத்திலும் மற்ற முகாம்களிலும் இருந்தார்கள். கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கையில் கடவுச்சீட்டு இல்லை. வெளியே போனால் திரும்பி வர வழியில்லை. அவர்கள் எந்த வாசலில் போய் நின்று சாட்சி சொல்வார்கள்?

போர் முடிந்தபின் 2010-இல் ‘கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும்’ என்ற ஆணையம் வந்தது. கொழும்பு, வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் ஆகிய ஊர்களில் அமர்ந்து கேட்டது. மன்னார் வரை வந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே உள்ள கடலை அது தாண்டவில்லை.

2013-இல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்க வந்த ஆணையத்திடம் 19,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் முறைப்பாடுகள் போயின. 2016-இல் மக்கள் கருத்தறியும் செயலணி ஒன்று நாடு முழுவதும் சுற்றி 7,306 மனுக்களையும் கருத்துகளையும் பெற்று, 2017 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2016-இல் சட்டம் இயற்றிக் காணாமற்போனோர் அலுவலகம் நிறுவினார்கள். 2024 ஜனவரியில் ‘உண்மை, ஐக்கியம், நல்லிணக்க ஆணைக்குழு’ மசோதா அரசிதழில் வெளிவந்தது. அதைச் சட்டமாக்காமலே அந்த ஆண்டு செப்டம்பரில் அந்த நாடாளுமன்றம் கலைந்தது. அந்த மசோதாவின் இடத்தில் வேறொன்று வரலாம். வேறு பெயரிலும் வரலாம். வரும்போது அதன் விதிகளில் முகாம் மக்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சட்டம் அச்சேறிய பிறகு கேட்டால், வண்டி போன பிறகு சீட்டு வாங்கிய கதைதான்.

வெளிநாட்டில் உள்ள எல்லா அகதிகளும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். டொரொண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களில் பலர் அந்நாட்டுக் குடிமக்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு வக்கீல் உண்டு. மனு எழுத ஆள் உண்டு. ஜெனீவா வரை போய்ப் பேசவும் முடிகிறது. பேசட்டும், அது அவர்கள் உரிமை. ஆனால் முகாமில் இருப்பவர் கூலித் தொழிலாளி. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ஏழை அகதியின் வாய்க்குத்தான் முதலில் பூட்டு விழுகிறது. அந்தப் பூட்டைத் திறக்க ஏழைகளின் சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது?

கேட்காமல் விட்டால் என்ன கெடும்?

செம்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள அந்த இடத்தில் 1990-களில் கொல்லப்பட்டவர்களைப் புதைத்ததாக 1998-இல் ஒரு படைவீரரே நீதிமன்றத்தில் சொன்னார். 2025-இல் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. ஒரு பள்ளிப்பையும் பால் புட்டியும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. 2025 ஆகஸ்டில் அந்தப் பொருள்களை மக்கள் பார்வைக்கு வைத்து, யாருடையவை என்று அடையாளம் காட்டும்படி நீதிமன்றம் அழைத்தது.

தாய்மார்களே, அந்தப் பையைத் தைத்துக் கொடுத்த தாய், அந்தப் பொம்மையை வாங்கிக் கொடுத்த அத்தை, இன்று யாழ்ப்பாணத்தில் இருந்தால் போய்ப் பார்க்கலாம். அவள் 1996-இல் படகேறி வந்து ஏதோ ஒரு முகாமில் இருந்தால்? எலும்பு பேசாது. அது இன்னார் என்று சொல்ல உறவினரின் வாயும், சோதனைக்கு உறவினரின் இரத்தமும் வேண்டும். அந்த உறவினர் பாதிப்பேர் நாட்டைவிட்டே போய்விட்ட இடத்தில், அங்கே இருப்பவர்களை மட்டும் கேட்டால் எத்தனை எலும்புக்கூடுகள் பெயரில்லாமலே கிடக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிலமும் அப்படித்தான். இலங்கையில் ஒருவர் நிலத்தை வேறொருவர் 10 ஆண்டுகள் எதிர்ப்பின்றி அனுபவித்தால், அவர் அதற்கு உரிமை கோர முடியும். போரால் இடம்பெயர்ந்தவர்கள் அதனால் நிலத்தை இழக்கக்கூடாது என்று 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போட அது தந்த காலம் 2 ஆண்டு. 20 ஆண்டாக முகாமில் இருப்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்து, பத்திரம் தேடி, வக்கீல் பிடித்து வழக்குப் போட 2 ஆண்டு போதுமா? யார், எப்போது, எந்தக் காணியிலிருந்து துரத்தப்பட்டார் என்பதை ஆணையமே முகாமுக்கு வந்து எழுதிக்கொண்டிருந்தால், அந்த எழுத்தே பிற்பாடு அவருக்கு ஆதாரமாக நின்றிருக்கும்.

முகாம்களில் கணிசமானோர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் குடும்பக் கதை 1983-இல் தொடங்குவதில்லை. 1948-இல் குடியுரிமை போயிற்று. 1977 கலவரத்தில் தோட்டத்து லயத்தை விட்டு ஓடி, வவுனியாப் பக்கமும் கிளிநொச்சிப் பக்கமும் காடு வெட்டிக் குடியேறினார்கள். பிறகு போர் வந்து அங்கிருந்தும் கிளப்பியது. இவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003-இலும், இந்திய முகாம்களில் இருப்பவர்களையும் சேர்த்து 2009-இலும் அந்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் உண்மை ஆணையம் தன் கணக்கை 1983-இல் தொடங்கினால் இவர்கள் துயரத்தில் முக்கால் பங்கு கணக்கிலேயே வராது.

வேறு நாடுகள் செய்து காட்டியவை

“நாடு கடந்து போய் வாக்குமூலம் வாங்குவது நடக்கிற காரியமா?” என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்றொரு சிறிய, ஏழை நாடு. அங்கே உள்நாட்டுப் போர் 2003-இல் முடிந்தது. அந்த நாட்டு உண்மை ஆணையம், கானாவில் இருந்த புடுபுரம் அகதிக் குடியிருப்பில் வாக்குமூலம் வாங்க ஏற்பாடு செய்தது. அமெரிக்காவில் இருந்த லைபீரிய மக்களுக்காக 2008 ஜூனில் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் ஆணையமே போய் அமர்ந்து பகிரங்க விசாரணை நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகளின் வாக்குமூலங்கள் அந்த நாட்டின் பதிவில் சேர்ந்தன.

தென் அமெரிக்காவில் கொலம்பியா. 2018 முதல் 2022 வரை பணியாற்றிய அதன் உண்மை ஆணையம் 24 நாடுகளில் வாழும் கொலம்பிய மக்களிடம் சாட்சியம் பெற்றது. நாட்டைவிட்டு ஓடியவர்களின் அனுபவத்துக்கென்றே தன் இறுதி அறிக்கையில் ஒரு தனி நூலை ஒதுக்கியது. ஓடியவன் கோழை, துரோகி என்ற பழிச்சொல் அந்நாட்டில் நீண்டகாலம் இருந்தது. அதற்கு அரசு ஆவணத்திலேயே பதில் கிடைத்தது.

லைபீரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பெருங்கடலைத் தாண்ட வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீட்டர் சொச்சம். கொழும்பு அரசின் துணைத் தூதரகம் சென்னையில் இருக்கிறது. முகாம்களில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பை அங்கே பதிவுசெய்ய 1984-இல் எஸ்.சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல்லாண்டுகளாக உதவி வந்திருக்கிறது. அதாவது, ஆளும் இருக்கிறது, வழியும் இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

நம்மவர் செய்ததையும் சேர்த்து

இனி சொல்வது சிலருக்குக் கசக்கலாம். அதற்காகச் சொல்லாமல் விடுவது சங்க முறை அல்ல.

உண்மை என்றால் முழு உண்மை. இராணுவம் குண்டு போட்டதையும் ஆட்களைப் பிடித்துப்போய்த் திருப்பித் தராததையும் முகாம் மக்கள் சொல்வார்கள்; சொல்ல வேண்டும். அதே வாய் வேறு சிலவற்றையும் சொல்ல விரும்பலாம். இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்ததை, விடுதலைப் புலிகள் பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்த்ததைச் சொல்லலாம். 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். உடுத்த துணியோடு புத்தளம் போய்ச் சேர்ந்த அவர்களும் நம் மொழி பேசுகிறவர்கள்தாம். அவர்களுடைய சாட்சியத்தைத் தள்ளிவிட்டு நம் சாட்சியத்தை மட்டும் கேள் என்று நாம் சொல்ல முடியாது.

1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படை பற்றியும் சொல்ல இருக்கிறது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையிலும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் நடந்த கொலைகளை நேரில் கண்டவர்கள் இந்திய மண்ணில் முகாமில் இருந்துகொண்டு அதை எப்படிச் சொல்வார்கள்? ஆகவேதான் சாட்சியம் வாங்கும் இடத்தில் எந்த நாட்டுப் போலீசும் இருக்கக்கூடாது என்கிறோம். சொன்னதனால் சோறு போகாது, முகாம் போகாது என்ற உறுதி இருந்தால்தான் வாய் திறக்கும்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு. “எத்தனை ஆணையம் பார்த்தாயிற்று! ஒருவராவது நீதி பெற்றார்களா?” என்பது. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் மற்ற ஊர்களிலும் தெருவோரம் பந்தலில் அமர்ந்து, “எங்கள் பிள்ளைகள் எங்கே?” என்று கேட்ட தாய்மார்கள் இதைத்தான் சொன்னார்கள். காணாமற்போனோர் அலுவலகத்தின்மீது நம்பிக்கை இல்லை என்றார்கள். பந்தலில் இருந்தபடியே அவர்களில் பலர் இறந்தும் போனார்கள். அவர்கள் அவநம்பிக்கைக்கு முன்னால் நாம் தலைகுனிகிறோம். உண்மை ஆணையம் நீதிமன்றத்துக்கு மாற்று ஆகாது. குற்றவாளிக்கு மன்னிப்புச் சீட்டாக அது மாறினால் நாமே எதிர்ப்போம். ஆனால் வாக்குமூலம் என்பது சொன்னவருடைய சொத்து. கொழும்பு ஆணையத்துக்குக் கொடுத்ததையே வேறு நீதிமன்றத்துக்கும் கொடுக்கலாம். 2021-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானப்படி ஜெனீவாவில் சான்றுகளைத் திரட்டி வைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது, அங்கும் அனுப்பலாம். எழுதாமல் விட்டால் எங்குமே கொடுக்க ஒன்றும் இருக்காது.

நாம் கேட்பது

கொழும்பு அரசிடம் கேட்பது: எந்தப் பெயரில் உண்மை ஆணையம் வந்தாலும், நாட்டுக்கு வெளியே உள்ளவர்களிடம் அவர்கள் இருக்கும் இடத்திலேயே சாட்சியம் பெறும் விதி அதன் சட்டத்தில் இருக்க வேண்டும். தமிழில் கேட்டுத் தமிழில் எழுத வேண்டும். பெண்களிடம் பெண்களே கேட்க வேண்டும். கணக்கு 1948-இலிருந்து தொடங்க வேண்டும். படகேறி ஓடியதற்காக எவரையும் கைது செய்யக்கூடாது. இதை ஏன் சொல்கிறோம்? 2025-இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கிய முதியவர் ஒருவரைக் கைது செய்தார்கள். முறையான கடவுச்சீட்டில்லாமல் அன்று நாட்டைவிட்டுப் போனது குற்றமாம். வீடு எரியும்போது வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று சட்டம் பேசினால், யார் திரும்பிப் போய்ச் சாட்சி சொல்வார்கள்?

டெல்லி அரசிடம் கேட்பது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தார்கள். அது ஒரு படி. அடுத்த படியாக, ஆணையம் இங்கே வந்து கேட்க அனுமதி வேண்டும். சாட்சி சொல்லவோ, எலும்பை அடையாளம் காட்டவோ அங்கே போகிறவர் திரும்பி வந்து தன் குடும்பத்தோடு இருக்கவும் அனுமதி வேண்டும். சாட்சி சொல்வது ‘விருப்பத்தோடு நாடு திரும்புதல்’ என்று ஆகிவிடக்கூடாது. 1992-க்கும் 1995-க்கும் இடையே 50,000-க்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டபோது, விருப்பம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு நெருக்கடி இருந்தது என்று அன்றே கேள்வி எழுந்தது.

சென்னை அரசிடம் கேட்பது: முகாமுக்குள் சாட்சியம் பெற இடம் தர வேண்டும்; அன்றைய கூலியை இழக்காமல் மக்கள் வந்துபோக ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நடத்த வேண்டும்; கியூ பிரிவுப் போலீசார் அந்த வளாகத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

நம் கையில் உள்ள வேலை

மூன்று அரசாங்கங்களிடமும் கேட்டுவிட்டு நாம் சும்மா இருப்பதா? 1983-இல் 30 வயதில் வந்தவருக்கு இன்று 70-ஐத் தாண்டிவிட்டது. அரசாங்கங்கள் சட்டம் போடும்வரை அந்த நினைவு காத்திருக்காது. பதிவேட்டோடு பிழைக்கிற நமக்கு ஒன்று தெரியும்: அன்றன்று எழுதாத கணக்கைப் பிறகு யாராலும் எழுத முடியாது.

ஆகவே செயற்குழு சார்பில் ஒரு வேண்டுகோள். முகாமிலிருந்து வேலைக்கு வரும் உங்கள் கூட்டாளிகளிடம் பேசுங்கள். வற்புறுத்த வேண்டாம். சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். நம் பிள்ளைகளில் தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் கோடு போட்ட நோட்டில் எழுதட்டும். எந்த ஊர், எந்தத் தோட்டம் அல்லது கிராமம், எந்த ஆண்டு, யார் யார் இருந்தார்கள், என்ன நடந்தது, எந்த வழியாக வந்தார்கள், என்ன விட்டுவிட்டு வந்தார்கள் என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். நம் சொல்லைச் சேர்த்து அழகுபடுத்த வேண்டாம். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். திருத்தச் சொன்னால் திருத்துங்கள். கிழிக்கச் சொன்னால் கிழித்துவிடுங்கள். ஒரு பிரதி சொன்னவரிடமே இருக்கட்டும். அவர் சம்மதித்தால் மட்டும் இன்னொன்று. பெயரை வேறு தாளில் எழுதி வேறிடத்தில் வையுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பும் வேலை வேண்டவே வேண்டாம். அது அங்கே இருக்கும் அவருடைய தம்பிக்கும் தங்கைக்கும் ஆபத்தாக முடியலாம். உறுதிப் பத்திரம், பழைய அடையாள அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, மண்டபத்தில் கொடுத்த பதிவு அட்டை ஏதேனும் இருந்தால் நகலெடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். பிழைப்புக்கு அலைந்த வாழ்க்கையில் தகரப்பெட்டி ஒழுகியோ, கரையான் அரித்தோ போன தாள்கள் எத்தனை என்பது நமக்கே தெரியும்.

இவ்வளவும் செய்தால் நாளைக்கே நீதி வந்துவிடும் என்று உங்களை ஏமாற்ற மாட்டோம். ஆனால் ஓர் ஆணையம் வந்து கேட்கும் நாளில், “எங்களிடம் சொல்ல ஆள் இல்லை” என்று எந்த அரசாங்கமும் கை விரிக்க முடியாது. ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் என்று எண்ணி முடித்தவர்களிடமும், மூன்று லட்சத்து நாலாயிரம் என்று எண்ணி முடித்தவர்களிடமும் ஒன்றே ஒன்று சொல்வோம்: எண்ணியது போதும், இனி உட்கார்ந்து கேளுங்கள்.

இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். கூட்டம் கலைவதற்குள் படித்துப் பார்த்து, ஒப்புக்கொள்கிறவர்கள் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்கள் ரேகை வைக்கலாம்; அதன் பக்கத்தில் உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் நாங்கள் எழுதித் தருகிறோம்.